வின்னிங் டைம் பார்க்குமுன்: ஃபாஸ்ட் பிரேக் என்றால் என்ன?

கூடைப்பந்து விதிகள் ஒன்றுகூடத் தெரியாமல் ‘வின்னிங் டைம்’ தொடரின் முதல் சீசனைப் பார்த்து முடித்துவிடலாம். பணம், பகை, பார்ட்டி, அப்பா மகள் பாசம் என்று அதில் வேறு தீனி நிறைய. இரண்டாம் சீசனில்தான் தடுக்கும். அங்கே கதையின் பெரும் பங்கு ஒரு கோச்சுக்கும் அவருடைய ஆட்டக்காரர்களுக்கும் நடக்கும் சண்டை. அணி தொடர்ந்து 5 ஆட்டங்களை ஜெயித்திருக்கிறது. அந்த நேரத்தில் கோச்சை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். 1981 நவம்பரில் நிஜமாகவே நடந்தது இது. ஜெயிக்கிறவரை ஏன் துரத்தினார்கள் என்று கேட்டால், பதில் ஃபாஸ்ட் பிரேக்கில் இருக்கிறது.

முதலில் தொடரைப் பற்றிக் கொஞ்சம். எச்பிஓ தயாரிப்பு. முதல் சீசன் 2022 மார்ச்சில் தொடங்கியது, 10 பகுதிகள். இரண்டாவது 2023 ஆகஸ்ட், செப்டம்பரில், 7 பகுதிகள். 1979இல் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணியை ஜெர்ரி பஸ் என்ற ரியல் எஸ்டேட்காரர் வாங்குவதும், அதே ஆண்டு மேஜிக் ஜான்சன் என்ற 19 வயதுப் பையன் அணிக்கு வருவதும்தான் கதையின் தொடக்கம். ஜெஃப் பேர்ல்மன் எழுதிய ‘ஷோடைம்’ என்ற புத்தகம்தான் மூலம். அந்தப் பெயரைத் தொடருக்கு வைக்கவில்லை. எச்பிஓவின் போட்டிச் சேனலுக்கு அதுதான் பெயர்! ஆனால் 80களின் லேக்கர்ஸ் ஆட்டத்தை இன்றும் எல்லாரும் ஷோடைம் என்றுதான் சொல்கிறார்கள். ஷோடைமின் எஞ்சின் ஃபாஸ்ட் பிரேக்.

94 அடி, 24 நொடி

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்பிஏவில் கோர்ட்டின் நீளம் 94 அடி, அகலம் 50 அடி. இரு முனைகளிலும் 10 அடி உயரத்தில் கூடை. ஒரு பக்கத்துக்கு 5 பேர். பந்து கைக்கு வந்த 24 நொடிக்குள் எறிந்தாக வேண்டும். 1954 முதல் இருக்கும் விதி. பெரும்பாலான அணிகள் இந்த 24 நொடியைச் சாவகாசமாகச் செலவழிக்கும். ஆட்டத்தை நடத்துகிற பாயிண்ட் கார்ட் பந்தைத் தட்டிக்கொண்டு நடந்து வருவார், கோச் கத்துகிற எண்ணைக் கேட்டு விரலால் சைகை காட்டுவார், மற்ற நால்வரும் அவரவர் இடத்தில் நிற்பார்கள். இதற்கு செட் அஃபென்ஸ் என்று பெயர். ஐந்துக்கு ஐந்து பேர், எல்லாரும் கூடைக்கு எதிரே. எதிரணியும் தயாராக நிற்கிறது. நல்ல எறிதல் கிடைப்பது கஷ்டம்.

ஃபாஸ்ட் பிரேக் இந்த ஐந்துக்கு ஐந்து என்ற கணக்கை உடைக்கிறது. எதிரணி எறிந்த பந்து கூடையில் விழாமல் தெறிக்கிறது. அந்த நொடியில் அவர்களில் மூன்று பேராவது உங்கள் கூடைக்கு அருகில் இருப்பார்கள். அவர்கள் திரும்பி 80 அடி ஓடி வர ஏறக்குறைய 4 நொடி ஆகும். அதற்குள் நீங்கள் மூன்று பேர் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தால், தடுக்க இரண்டே பேர்தான். மூன்றுக்கு இரண்டு. சில சமயம் இரண்டுக்கு ஒன்று. இந்த ஒரு ஆள் உபரிக்காகத்தான் இவ்வளவு ஓட்டமும். ஒரு ஆள் கூடுதலாக இருந்தால் யாரோ ஒருவர் கூடைக்குக் கீழே தனியாக நிற்பார். தனியாக நிற்பவருக்குப் பந்து போனால் அது லேஅப் (கூடையருகே எழும்பி மெல்லப் போடுவது) அல்லது டங்க் (கூடைக்கு மேலிருந்து அமுக்குவது), இரண்டும் தவறுவது அபூர்வம். 1984-85 சீசனில் லேக்கர்ஸ் எறிந்ததில் 54.5 சதவீதம் கூடையில் விழுந்தது. தூரத்திலிருந்து குறிபார்த்து எறிந்து வாங்கிய எண் அல்ல அது. கூடைக்குப் பக்கத்தில் போய், யாரும் இல்லாத இடத்தில் போட்டது.

ஓட்டத்தின் உறுப்புகள்

வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு எல்லாரும் கண்மண் தெரியாமல் ஓடுவது போலத்தான் தெரியும். உண்மையில் ஐந்து பேருக்கும் தனித்தனித் தடம் உண்டு, தனித்தனி வேலை உண்டு.

தொடக்கம் ரீபவுண்ட். கூடையில் பட்டுத் தெறித்த பந்தைக் கைப்பற்றுவது. இதைக் கைப்பற்றாமல் ஓட்டமே கிடையாது. எதிரணி பந்தைக் கூடையில் போட்டுவிட்டால், பந்தை எல்லைக் கோட்டுக்கு வெளியே எடுத்துப்போய் உள்ளே எறிய வேண்டும், அதற்குள் அவர்கள் திரும்பிவிடுவார்கள். லேக்கர்ஸில் இந்த வேலை முதலில் சென்டருக்கு, அதாவது கூடையருகே ஆடும் உயரமான ஆளான கரீம் அப்துல்-ஜப்பாருக்கு. உயரம் 7 அடி 2 அங்குலம். பந்தைப் பிடித்ததும் கீழே இறக்காமல், நெஞ்சுக்கு மேலேயே வைத்துக்கொண்டு, பக்கக்கோட்டை நோக்கித் திரும்பித் தரையிறங்க வேண்டும். கீழே இறக்கினால் குட்டையான கார்டுகள் தட்டிப் பறித்துவிடுவார்கள். கூட்டத்தின் நடுவை நோக்கித் திரும்பினால் எறிய வழியிருக்காது.

அடுத்தது அவுட்லெட் பாஸ். பக்கக்கோட்டருகே காத்திருக்கும் கார்டுக்கு முதல் எறிதல். அந்த கார்ட் ஏறக்குறைய ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு (கூடைக்கு எதிரே 15 அடியில் இருக்கும் கோடு) நேரான மட்டத்தில், முதுகைப் பக்கக்கோட்டுக்குக் காட்டியபடி நிற்க வேண்டும். அப்போதுதான் ஒரே பார்வையில் பந்தும் தெரியும், எதிர்க்கூடையும் தெரியும். பந்தை வாங்கியவர் உடனே கோர்ட்டின் நடுவுக்கு வருகிறார். ஓரமாகவே தட்டிக்கொண்டு போனால் பக்கக்கோடே எதிரணிக்கு ஆறாவது ஆளாகிவிடும்.

இரு ஓரங்களிலும் வருகிற இரண்டு இறக்கைக்காரர்கள் அகலமாக ஓட வேண்டும். புதிதாக ஆடுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சொதப்புவார்கள். பந்து நடுவில் இருப்பதால் கால் தானாக நடுவுக்கு இழுக்கும். மூன்று பேரும் 10 அடிக்குள் நெருங்கிவிட்டால் ஒரே தடுப்பாளர் மூவரையும் பார்த்துக்கொள்வார். பக்கக்கோட்டை ஒட்டி ஓடினால்தான் அவர் யாரைப் பிடிப்பது என்று முடிவெடுக்க வேண்டிவரும். எதிர்ப்பக்க ஃப்ரீ த்ரோ கோட்டின் மட்டத்தை எட்டியபின் இருவரும் 45 டிகிரி சாய்வில் கூடையை நோக்கி வெட்ட வேண்டும். லேக்கர்ஸில் முதலில் ஜமால் வில்க்ஸும் மைக்கேல் கூப்பரும், பிறகு ஜேம்ஸ் வொர்தியும் பைரன் ஸ்காட்டும் இந்தத் தடங்களில் ஓடினார்கள். வொர்தி 6 அடி 9 அங்குலம். அந்த உயரத்தில் ஒருவர் முழு வேகத்தில் வந்து ஒரு கையால் பந்தை அமுக்கும்போது குறுக்கே போய் நிற்க யாருக்கும் மனம் வராது.

நடுவில் பந்தோடு வருகிறவர் ஃப்ரீ த்ரோ கோட்டருகே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். கேட்டால் விசித்திரமாக இருக்கும்: இவ்வளவு வேகமாக வந்துவிட்டு ஏன் நிற்பது? கோட்டைத் தாண்டி உள்ளே போய்விட்டால் பந்தும் இறக்கைக்காரர்களும் ஒரே குறுகிய இடத்தில் மாட்டிக்கொள்வார்கள். தடுப்பாளர் ஒரு அடி நகர்ந்தாலே எறியவும் முடியாது, பாஸ் கொடுக்கவும் முடியாது. கூடையிலிருந்து 15 அடி தள்ளி நின்றால் மூன்று வழிகள் திறந்திருக்கும்: இடது, வலது, தானே எறிவது. தடுப்பவர் ஒரு பக்கம் அசைந்ததும் மறுபக்கம் பாஸ். மேஜிக் ஜான்சன் இடது பக்கம் பார்த்துக்கொண்டே வலது பக்கம் பாஸ் கொடுப்பதைப் பலரும் வித்தை காட்டுவதாக நினைக்கிறார்கள். தடுப்பாளர்கள் பந்தைக் கொண்டுவருகிறவரின் கண்ணைத்தான் பார்ப்பார்கள். கண் பொய் சொன்னால் அவர்கள் அரை அடி தவறான பக்கம் சாய்வார்கள். அந்த அரை அடி போதும்.

நான்காவது ஆள் பின்னால் வருகிற டிரெய்லர். முதல் மூவரும் அடைபட்டால் இவருக்குப் பந்து போகும். எல்லாரும் கூடைக்குக் கீழே ஒடுங்கிவிட்டதால் இவர் முன்னால் பாதை திறந்தே கிடக்கும். ஐந்தாவது ஆள் ஓடக்கூடாது, அல்லது மெதுவாக வர வேண்டும். பாஸ் தவறி பந்து எதிரணிக்குப் போனால் திரும்பி ஓடித் தடுக்க ஒருவராவது வேண்டும்.

மேஜிக் வந்ததும் மாறியது எது

மேலே சொன்னதெல்லாம் லேக்கர்ஸ் கண்டுபிடித்ததல்ல. பாஸ்டன் செல்டிக்ஸ் அணி 50களிலிருந்தே பில் ரஸ்ஸலின் ரீபவுண்டையும் பாப் கூசியின் பாஸையும் வைத்து இதை ஆடிக் கோப்பைகளை அடுக்கியிருந்தது. மேஜிக் செய்தது, சங்கிலியில் ஒரு கண்ணியைக் கழற்றி எறிந்தது.

அவர் உயரம் 6 அடி 9 அங்குலம். அந்நாளில் அந்த உயரத்துக்காரரைக் கூடைக்குக் கீழே நிறுத்துவார்கள். பந்தைத் தட்டிக்கொண்டு வருவது 6 அடி, 6 அடி 2 அங்குல ஆட்களின் வேலை. மேஜிக் இரண்டையும் செய்தார். அதனால் ரீபவுண்டை அவரே பிடிப்பார், பிடித்த இடத்திலிருந்தே ஓட ஆரம்பித்துவிடுவார். அவுட்லெட் பாஸே தேவையில்லை. ஒரு பாஸ் போகவும் அதை வாங்கித் திரும்பவும் ஆகும் நேரம், ஏறத்தாழ ஒரு நொடி, மிச்சம். 4 நொடிப் பந்தயத்தில் ஒரு நொடி என்றால் சும்மாவா? என்பிஏவில் ஆடிய முதல் சீசனில் அவருடைய சராசரி ஆட்டத்துக்கு 18 புள்ளி, 7.7 ரீபவுண்ட், 7.3 அசிஸ்ட் (கூடையில் முடிந்த பாஸ்). பாயிண்ட் கார்டின் கணக்கில் இவ்வளவு ரீபவுண்ட் இருப்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

இதில் பாதிக்கப்பட்டவர் நார்ம் நிக்சன். அதுவரை பந்து அவர் கையில் இருந்தது. தொடரில் அவருக்கும் மேஜிக்குக்கும் நடக்கும் உரசல் வெறும் பொறாமையாகத் தெரியலாம். ஓட்டத்தை யார் நடத்துவது என்ற தொழில் கேள்வி அதற்குள் இருக்கிறது. அந்தப் பாத்திரத்தில் நடிப்பவர் நிக்சனின் சொந்த மகன் டெவான் நிக்சன்.

மேஜிக் லேக்கர்ஸுக்கு வந்த கதையும் சொல்ல வேண்டியதுதான், தொடரில் அது சட்டென்று கடந்துவிடுகிறது. கல்லூரியிலிருந்து வரும் ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுப்பது டிராஃப்ட். மோசமாகத் தோற்ற அணிக்கு முதல் வாய்ப்பு. இப்போது குலுக்கல் முறை; அது 1985இல்தான் வந்தது. அதற்குமுன் இரண்டு பிரிவுகளிலும் கடைசியாக வந்த அணிகளுக்கிடையே நாணயம் சுண்டுவார்கள். 1979இல் ஒரு பிரிவில் கடைசி சிகாகோ புல்ஸ், மறுபிரிவில் நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ். லேக்கர்ஸ் நன்றாகவே ஆடிய அணி, இந்தப் பேச்சிலேயே வரக்கூடாது. ஆனால் 1976இல் லேக்கர்ஸின் கெயில் குட்ரிச்சை ஜாஸ் தன்பக்கம் இழுத்துக்கொண்டது. அப்போதைய விதிப்படி கொடுத்த நஷ்டஈட்டில் 1979இன் முதல் சுற்று வாய்ப்பும் அடக்கம். குட்ரிச்சுக்கு அப்போது வயது முப்பதைத் தாண்டியிருந்தது! ஆக, ஜாஸின் இடத்தில் லேக்கர்ஸ். சிகாகோ தலை கேட்டது, பூ விழுந்தது. லேக்கர்ஸ் மேஜிக்கை எடுத்தது. இரண்டாம் இடத்தில் சிகாகோ எடுத்த டேவிட் கிரீன்வுட் மோசமான ஆட்டக்காரர் ஒன்றும் இல்லை. இருந்தாலும் இன்று அவர் பெயர் அந்த நாணயத்தோடு சேர்த்துத்தான் வருகிறது.

கரீம் எதற்கு?

ஓடுகிற அணியில் 32 வயது சென்டருக்கு என்ன வேலை என்று தோன்றும். ஃபாஸ்ட் பிரேக் எப்போதும் அமையாது. எதிரணி திரும்பி வந்துவிட்டால் நிறுத்தித்தான் ஆக வேண்டும். நிறுத்தியபின் கையில் ஒன்றும் இல்லாத அணி, நிறுத்த பயந்துகொண்டு, இல்லாத இடைவெளியில் பந்தைத் திணித்துப் பறிகொடுக்கும். லேக்கர்ஸுக்கு அந்தப் பயம் கிடையாது. முதல் அலை அடைபட்டதா, அப்போதுதான் கரீம் நிதானமாக வந்து சேர்வார். பந்து அவரிடம் போகும். உடம்பைப் பக்கவாட்டில் வைத்து, தடுப்பவருக்கும் பந்துக்கும் நடுவே தன் தோளை நிறுத்தி, நீட்டிய வலது கையின் உச்சியிலிருந்து வளைத்து எறிவார். அதுதான் ஸ்கைஹூக். தடுக்க நினைப்பவர் முதலில் அவருடைய உடம்பைத் தாண்ட வேண்டும், பிறகு அந்த உயரத்தை எட்ட வேண்டும். 1967இல் கல்லூரி ஆட்டங்களில் டங்க் அடிப்பதையே தடை செய்தார்கள். அதன்பின் இந்த எறிதலை அவர் இன்னும் கூர்தீட்டிக்கொண்டார்.

1979 அக்டோபர் 12, மேஜிக்கின் முதல் ஆட்டம். சான் டியாகோவில் கடைசி நொடியில் கரீமின் ஸ்கைஹூக்கால் லேக்கர்ஸ் 103–102 என்று ஜெயித்தது. மேஜிக் பாய்ந்து போய் அவரைக் கட்டிப்பிடித்த காட்சி தொடரிலும் உண்டு. வெற்றியைத் தந்தது ஓட்டம் அல்ல, நிறுத்தி எறிந்தது என்பதைக் கவனித்தால் இந்த அணியின் சமநிலை பிடிபடும்.

கோச் சண்டை

இந்த ஓட்ட ஆட்டத்தை லேக்கர்ஸுக்குக் கொண்டுவந்தவர் ஜாக் மெக்கின்னி. அவர் பெயர் இன்று அதிகம் பேருக்குத் தெரியாது. சீசன் தொடங்கி 13 ஆட்டங்கள்தான்; 1979 நவம்பர் 8 அன்று சைக்கிளிலிருந்து விழுந்து தலையில் பலத்த அடி. உதவிக் கோச் பால் வெஸ்ட்ஹெட் அவர் இடத்துக்கு வந்தார். கல்லூரி அணிக்குப் பயிற்சி கொடுத்தவர், ஷேக்ஸ்பியர் பாடம் நடத்தியவர். அவர் தனக்கு உதவியாக வானொலி வர்ணனைப் பெட்டியிலிருந்து பேட் ரைலியை அழைத்துக்கொண்டார். முதல் ஆண்டில் வெஸ்ட்ஹெட் மெக்கின்னியின் ஆட்டத்தைத் தொடாமல் விட்டார். 60 வெற்றி, 22 தோல்வி, கோப்பை. மெக்கின்னி லேக்கர்ஸுக்குத் திரும்பவே இல்லை. அடுத்த சீசனில் இண்டியானா பேசர்ஸுக்குப் போய் ஆண்டின் சிறந்த கோச் விருது வாங்கினார்.

1981இல் வெஸ்ட்ஹெட் தன்னுடைய திட்டத்தைக் கொண்டுவந்தார். ஒவ்வொருவருக்கும் நின்றாக வேண்டிய இடம் குறிக்கப்பட்டது. விளைவு எப்படியிருக்கும் என்று மேலே படித்ததை வைத்தே ஊகிக்கலாம். இறக்கைக்காரர் குறித்த இடத்துக்குப் போய் நிற்க வேண்டுமென்றால் கூடையை நோக்கி வெட்ட மாட்டார். பாஸ் கொடுக்கிறவர் தடுப்பாளரின் சாய்வைப் பார்ப்பதற்குப் பதில் திட்டத்தை நினைவுபடுத்திக்கொண்டிருப்பார். எல்லாரும் இடம்பிடிக்கும் அந்த ஓரிரு நொடியில் எதிரணி திரும்பி வந்து நின்றுவிடும். அணி ஜெயித்தது, ஆனால் மூச்சுமுட்டி ஜெயித்தது. 11 ஆட்டங்களில் 7 வெற்றி என்ற நிலையில், யூட்டாவில் ஓர் ஆட்டம் முடிந்ததும் மேஜிக் தன்னை வேறு அணிக்கு மாற்றிவிடச் சொன்னார். மறுநாள் வெஸ்ட்ஹெட்டுக்கு வேலை போயிற்று. அதற்குச் சில மாதங்கள் முன்புதான் மேஜிக்குக்கு 25 ஆண்டுக்கு 2.5 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்திருந்தார் பஸ். அதனால் ஊர் முழுக்கப் பையனைத்தான் திட்டியது. சொந்த அரங்கிலேயே அவரைக் கூச்சலிட்டு எதிர்த்தார்கள். ரைலி கோச் ஆனார், ஓட்டம் திரும்பியது, 1982இல் மறுபடி கோப்பை.

இதில் ஒரு வேடிக்கை. ஓட்டத்தைக் கட்டிப்போட்டார் என்று துரத்தப்பட்ட அதே வெஸ்ட்ஹெட் பின்னால் லயோலா மேரிமவுண்ட் கல்லூரிக்குப் போய், 1989-90 சீசனில் ஆட்டத்துக்குச் சராசரி 122.4 புள்ளி எடுக்கும் அணியை உருவாக்கினார். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் அதற்கு இணையான வேகம் கிடையாது. வெஸ்ட்ஹெட்டுக்கு வேகம் பிடிக்காது என்று தொடரைப் பார்த்து முடிவு கட்டினால் அது தப்பு. லேக்கர்ஸில் அவர் மேஜிக்கின் கண்ணைவிடத் தன் வரைபடத்தை நம்பினார், அவ்வளவே.

பஸ் விற்றது என்ன

ஜெர்ரி பஸ் வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர். 1979இல் ஜாக் கென்ட் குக்கிடமிருந்து லேக்கர்ஸ், கிங்ஸ் என்ற ஐஸ் ஹாக்கி அணி, ஃபோரம் அரங்கம், ஒரு பெரிய பண்ணை எல்லாவற்றையும் சேர்த்து 6.75 கோடி டாலருக்கு வாங்கினார். அன்றைய என்பிஏ பெரிய வியாபாரம் அல்ல. கோப்பையை முடிவுசெய்யும் 1980 ஃபைனல்ஸின் 6ஆவது ஆட்டத்தை சிபிஎஸ் சேனல் பெரும்பாலான ஊர்களில் நேரலையாகக் காட்டவில்லை. இரவு 11:30க்குப் பதிவாக ஒளிபரப்பியது. கரீம் கணுக்கால் சுளுக்கி வீட்டில் இருக்க, 20 வயது மேஜிக் அவர் இடத்தில் இறங்கி 42 புள்ளி, 15 ரீபவுண்ட், 7 அசிஸ்ட் எடுத்துக் கோப்பையை வாங்கித் தந்த ஆட்டம் அது. அமெரிக்காவில் பாதிப்பேர் தூங்கிய பிறகு பார்க்கக் கிடைத்தது.

இந்த நிலையில் பஸ், ஆட்டத்தை ஒரு மாலைக் கேளிக்கையாக விற்கலாம் என்று நினைத்தார். லேக்கர் கேர்ள்ஸ் நடனக்குழு, நேரடி இசை, கோர்ட்டை ஒட்டிய நாற்காலிகளில் ஹாலிவுட் நட்சத்திரங்கள், அரங்கத்துக்குள்ளேயே ஃபோரம் கிளப். ஐபிஎல் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது பழைய சரக்காகத் தோன்றும், 1979இல் புதிது. ஆனால் நடனமும் நட்சத்திரமும் மட்டும் இருந்து, கோர்ட்டில் 24 நொடியும் உருட்டிக்கொண்டிருந்தால் இரண்டாம் மாதமே கூட்டம் கலைந்திருக்கும். விளையாட்டு தெரியாத நடிகருக்கும் நின்ற இடத்தில் புரிகிற ஆட்டம் ஃபாஸ்ட் பிரேக்தான். வெஸ்ட்ஹெட்டை நீக்கும்போதும் ஆட்டம் விறுவிறுப்பாக இல்லை என்பது பஸ்ஸின் கவலைகளில் ஒன்று.

தொடரை எவ்வளவு நம்பலாம்

நிகழ்வுகளின் எலும்புக்கூட்டை நம்பலாம்: நாணயம், சைக்கிள் விபத்து, 1980 ஃபைனல்ஸ், கோச் நீக்கம். ஆட்டங்களின் முடிவும் பெரும்பாலும் நடந்தபடிதான். தனி அறைப் பேச்சுகளை நம்ப வேண்டாம். பெயர்களும் சம்பவங்களும் நாடகத்துக்காக மாற்றப்பட்டவை என்ற அறிவிப்பு தொடரிலேயே வருகிறது. லேக்கர்ஸின் முன்னாள் நட்சத்திரம் ஜெர்ரி வெஸ்ட் ஓயாமல் கத்துகிற, பொருளை எறிகிற ஆளாக வருவதை அவருடைய வழக்கறிஞர்கள் 2022 ஏப்ரலில் கண்டித்து, திரும்பப் பெறச் சொல்லிக் கடிதம் அனுப்பினார்கள். கரீமும் தொடரைக் கடுமையாக விமர்சித்து எழுதினார். வெஸ்ட் விஷயத்தில் எதிர்ப்பவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. அவராக வரும் ஜேசன் கிளார்க்கின் நடிப்பு அருமை, ஆனால் அணியைக் கட்டிய கூர்மதி அந்தக் கூச்சலில் அமுங்கிப்போகிறது.

படமாக்கிய விதம் இன்னொரு விஷயம். 35, 16, 8 எம்எம் ஃபிலிமும் அந்தக் காலத்து வீடியோ கேமராக்களும் கலந்து எடுத்திருக்கிறார்கள். பழைய ஒளிபரப்பின் கறை அப்படியே கண்ணுக்கு வருகிறது. பாத்திரங்கள் திடீரென நம்மைப் பார்த்துப் பேசுகின்றன. அழகுதான். ஆனால் ஆட்டக் காட்சிகள் துண்டுதுண்டாக வெட்டப்பட்டவை: கை, பந்து, முகம், கூடை. ஃபாஸ்ட் பிரேக்கின் உயிர் இடைவெளியில் இருக்கிறது. ஐந்து பேரும் ஒரே சட்டகத்தில் தெரிந்தால்தான் அது புரியும். ஆகவே அந்த ஆண்டுகளின் நிஜ ஆட்டப் பதிவு ஒன்றையாவது பார்ப்பது நல்லது. பார்க்கும்போது பந்தைப் பார்க்காதீர்கள். ரீபவுண்ட் விழுந்ததும் பந்தில்லாத இருவர் எந்தத் தடத்தில் ஓடுகிறார்கள் என்று பாருங்கள்.

இதை எப்படி நிறுத்தினார்கள்

தடுக்கும் வழிகளில் முதன்மையானது ரீபவுண்டைக் கொடுக்காமல் இருப்பது. 1981இல் லேக்கர்ஸை முதல் சுற்றிலேயே வெளியேற்றியது ஹூஸ்டன். அதில் மோசஸ் மலோன் இருந்தார். 1983 ஃபைனல்ஸில் லேக்கர்ஸை 4–0 என்று துடைத்தது பிலடெல்ஃபியா. அதற்குள் மலோன் அங்கே வந்துவிட்டார். தன் அணி தவறவிட்ட பந்தைத் தானே பிடுங்கித் திரும்பப் போடுவதில் அவருக்கு இணை கிடையாது. தெறித்த பந்து லேக்கர்ஸ் கைக்கே வராவிட்டால் வொர்தியோ கூப்பரோ எவ்வளவு வேகமாக ஓடி என்ன பயன்? 1983இல் வொர்தி கால் முறிந்து வெளியே இருந்ததும் சேர்ந்துகொண்டது.

இரண்டாவது வழி பாஸ்டன் 1984இல் காட்டியது. தொடர் முடிவதும் இந்த ஃபைனல்ஸில்தான். முதல் மூன்று ஆட்டங்களில் லேக்கர்ஸ் கை ஓங்கியிருந்தது. மூன்றாவதில் 137–104, மேஜிக்குக்கு மட்டும் 21 அசிஸ்ட். நான்காவது ஆட்டத்தில் ஒரு ஃபாஸ்ட் பிரேக்கின் முடிவில் லேஅப் போடப் பாய்ந்த லேக்கர்ஸின் கர்ட் ராம்பிஸைப் பாஸ்டனின் கெவின் மெக்ஹேல் கழுத்தில் கை போட்டுத் தரையில் சாய்த்தார். இன்று அப்படிச் செய்தால் உடனே வெளியேற்றுவார்கள். அன்று மெக்ஹேல் தொடர்ந்து ஆடினார். அடுத்த முறை கூடைக்குக் கீழே போகிறவர் ஒரு கணம் தயங்குவார், அந்தத் தயக்கமே பாஸ்டனுக்குப் போதும். இரண்டாம் ஆட்டத்தில் வொர்தியின் பாஸை ஜெரால்ட் ஹெண்டர்சன் பறித்ததும், கடைசி நொடிகளை மேஜிக் எறியாமலே ஓடவிட்டதும் கணக்கில் ஏற்கெனவே இருந்தன. 7ஆவது ஆட்டத்தில் பாஸ்டன் 111–102. ரீபவுண்டில் 52–33.

இரண்டாம் சீசனோடு எச்பிஓ தொடரை நிறுத்திவிட்டதால், ஒரு பேரரசின் எழுச்சி என்று துணைத்தலைப்பு வைத்த கதை தோல்வியில் போய் நிற்கிறது. நிஜத்தில் லேக்கர்ஸ் 1985, 1987, 1988 ஆண்டுகளிலும் கோப்பை வாங்கியது. 1985 ஃபைனல்ஸ் மறுபடி பாஸ்டனோடு. முதல் ஆட்டத்தில் 148–114 என்று அடி வாங்கினார்கள். 38 வயதுக் கரீமுக்கு மூன்றே ரீபவுண்ட். அடுத்த ஆட்டத்தில் அவர் 30 புள்ளி எடுத்தார், 17 ரீபவுண்ட் பிடித்தார். ஓட்டம் தொடங்கிவிட்டது. 6 ஆட்டங்களில், எதிரணியின் சொந்த அரங்கமான பாஸ்டன் கார்டனிலேயே, லேக்கர்ஸ் கோப்பையை வென்றது.